கருத்தும் படவில்லையும்

கற்றதனைப் பிறர் உளங்கொள உரைத்தல் கல்வியின் சிறந்த பயன்களுள் ஒன்றாகும். அவ்வுரைக்கு இற்றை நாளில் துணையாய் வாய்த்தது ஸ்லைட் எனப்படும் படவில்லை. முன்னாளிற் கண்ணாடியிலும் படச்சுருளிலும் அரிதின் ஆக்கப்பட்ட அது, 1987ஆம் ஆண்டிற் பவர்பாயின்ட் என்னும் கணினி மென்பொருள் வெளிவந்த பின்னர் படிப்படியாக எவர்க்கும் எளிதாயிற்று. எளிமை வந்தவிடத்து ஆராய்ச்சி குன்றுதல் உலகியல்பு. பாடநூற் பக்கங்களை அப்படியே திரையில் ஏற்றி, வரிவரியாக வாசித்து அமர்தலே நிகழ்த்துகை என மாணவர் பலர் எண்ணுகின்றனர்.

இதனைச் சிறு குறையெனத் தள்ளுதல் கூடாது. 2003 சனவரி 16ஆம் நாள், அமெரிக்க விண்ணோடமாகிய கொலம்பியா புறப்பட்டு ஏறத்தாழ 82 செக்கன் கழிந்தபொழுது, எரிபொருட்டாங்கியினின்று பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டொன்று அதன் இடச்சிறகைத் தாக்கியது. விண்ணோடம் விண்ணிற் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே, பொறியியலறிஞர் அத்தாக்கத்தை ஆராய்ந்து, தம் முடிவுகளைப் படவில்லைகளில் அமைத்து நாசா அதிகாரிகளுக்குக் காட்டினர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு அச்சம் வேண்டா என்னும் எண்ணத்தைத் தருவதாயிருந்தது. உண்மை நிலையோ வேறு. முன்னைச் சோதனையிற் பயன்பட்ட துண்டின் கனவளவு 3 கன அங்குலம். சிறகைத் தாக்கிய துண்டு 1,920 கன அங்குலம் என மதிக்கப்பட்டது. அஃதாவது 640 மடங்கு. அச்சோதனை கொண்டு இத்தாக்கத்தை அளத்தல் அரிது என்னும் பேருண்மை, படவில்லையின் அடியிலே, சிறிய எழுத்தில், உட்பிரிவுகளுள் ஒன்றாய்க் கிடந்தது.

பெப்ரவரி 1ஆம் நாள் புவிக்கு மீளும் வழியில் விண்ணோடம் சிதைந்தது, எழுவர் மாண்டனர். விபத்தை ஆராய்ந்த குழு, எட்வேட் டஃப்டி என்னும் அறிஞரின் ஆய்வை எடுத்துக்காட்டி, இப்படவில்லையை வாசிக்கும் அதிகாரி ஒருவர் உயிராபத்தை உணராது போதல் இயல்பே எனத் தன் அறிக்கையிற் கூறிற்று. அழிவுக்குப் படவில்லையே காரணம் என்பார் மிகைபடக் கூறுவோராவர். ஆயினும் உணர்த்தவேண்டியதை அது உணர்த்தவில்லை.

இதனாற் பெறப்படுவது யாது? முதன்மையான கருத்து முதன்மையான இடத்தைப் பெறுதல் வேண்டும் என்பதாம். ஆதலின் மாணவன் கணினியைத் திறக்குமுன், தான் நிறுவக் கருதியதை ஒரு வாக்கியமாகத் தாளில் எழுதுதல் நன்று. அவ்வாக்கியமே தலைப்பாகுக. புவியியல் மாணவனொருவன் 'மழைவீழ்ச்சி' எனத் தலைப்பிடுவானாயின் அது வெறும் பெயர். 'யாழ்ப்பாணத்து மழையிற் பெரும்பங்கு ஆண்டின் இறுதி மூன்று மாதங்களிற் பெய்கின்றது' என்பதே கருத்து. அதன்கீழ்ப் பன்னிரு மாத மழையளவையும் காட்டும் சலாகை வரைபொன்று போதும். அம்மூன்று மாதங்களுக்கு மட்டும் கடுநிறம் தீட்டின், கண் தானே அங்குச் செல்லும்.

திரையில் உள்ள சொற்களையே வாயும் சொல்லுமாயின், கண்ணும் செவியும் ஒன்றற்கொன்று இடையூறாகும். படமும் பேச்சும் இணையுமாயின் ஒன்றையொன்று தாங்கும். கல்வி உளவியலறிஞர் ரிச்சட் மேயர் நடத்திய ஆய்வுகள் இதனை வலியுறுத்துகின்றன. எனவே, திரையிற் சொல் சுருங்குக. விளக்கம் பேச்சில் விரிக. திரையில் அடங்காத அட்டவணைகளைத் தாளில் அச்சிட்டு அவையோர்க்கு வழங்கலாம். கடைசி வரிசையில் நின்று வாசிக்கவியலாத எழுத்தும், பொருளுக்குதவாத அசைவும் அலங்காரமும் விலக்கத்தக்கன.

இவையனைத்தும் பயிற்சியால் எய்தத்தக்கன. அமைத்து முடித்தபின், பொருளறியாத நண்பனொருவனுக்கு ஒவ்வொரு படவில்லையையும் சிறிது நேரம் காட்டி, அவன் உணர்ந்தது யாதெனக் கேட்டறிக. அவன் கூறுவது தலைப்போடு ஒவ்வாதாயின், திருத்தவேண்டியது படவில்லையே, நண்பனை அல்ல. மின்சாரம் தடைப்பட்டுத் திரை இருண்டவிடத்தும் தன் கருத்தைத் தெளிவுற உரைக்கவல்ல மாணவனுக்கே படவில்லை உற்ற துணையாகும்.