விரல்களுக்குக் கல்வி தந்த பார்வையற்ற ஆசான்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்குச் செல்பவர்கள் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களைக் கண்டிருப்பார்கள். கண் பார்வை இல்லாதவருக்கு விரல்களில் இயல்பாகவே தனிச் சக்தி உண்டு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், எந்தக் கையும் கற்றுக் கொடுத்தால்தான் கற்கும். இதற்கு ஜப்பான் நாட்டின் வரலாறு சிறந்த சான்றாகும்.

அன்மா என்னும் கலை

ஜப்பானின் பாரம்பரிய உடம்புப்பிடிக் கலைக்கு 'அன்மா' என்று பெயர். அழுத்துதல், தேய்த்தல் என்னும் பொருள்படும் இரண்டு சொற்கள் இணைந்த பெயர் அது. சீனாவிலிருந்து சென்ற இக்கலைக்கு, 701-ஆம் ஆண்டின் அரச சட்டத்திலேயே ஆசிரியர்களும் மாணவர்களும் நியமிக்கப்பட்டிருந்தனர்.

பின்னாளில் இது பார்வையற்றோரின் தொழிலாக வேரூன்றியதில் பெரும் பங்கு சுகியாமா வாயிச்சி (1610-1694) என்பவரைச் சாரும். சிறு வயதிலேயே பார்வையை இழந்த அவர், எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், அக்குபங்சர் கற்கச் சேர்ந்தார். பாடம் எளிதில் கைவரவில்லை. ஆசான் அவரை வெளியேற்றிவிட்டார்.

மனமுடைந்த அவர் எனோஷிமா தீவுக்குச் சென்று நோன்பிருந்தார். அங்கே பைன் மரத்தின் ஊசியிலை ஒன்று குழல் போன்ற ஒன்றுக்குள் இருக்க, அது அவர் கையில் தட்டுப்பட்டதாம். மெல்லிய ஊசியைச் சிறு குழலுக்குள் வைத்துத் தட்டிச் செலுத்தும் முறை அதிலிருந்தே அவருக்குத் தோன்றியது என்பார்கள். பார்வை இல்லாதவரும் பிசகாமல் ஊசி செலுத்த அது வழி செய்தது. இன்று உலகெங்கும் அக்குபங்சர் மருத்துவர்கள் அத்தகைய குழலைப் பயன்படுத்துகின்றனர்.

ஷோகுன் சுனயோஷிக்கு அவர் சிகிச்சை அளித்தார். "என்ன வேண்டும்?" என்று ஷோகுன் கேட்க, "ஒரு கண்" என்றாராம். ஜப்பானிய மொழியில் 'ஒரு கண்' என்ற ஒலியே பெயராக அமைந்த ஓர் இடத்தில் ஷோகுன் அவருக்கு நிலம் வழங்கினார் என்று கதை சொல்லப்படுகிறது.

கதையைக் காட்டிலும் பெரியது அவர் செய்த பணி. 1682-இல் பார்வையற்றோருக்கு அக்குபங்சரும் அன்மாவும் கற்பிக்கும் பள்ளியை அவர் தொடங்கினார். ஐரோப்பாவில், பாரிஸ் நகரில் பார்வையற்றோர் பள்ளி தோன்றியது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகே.

பிழைப்புக்கு வந்த சோதனைகள்

1871-இல் பார்வையற்றோரின் பழைய தொழிற்சங்க அமைப்பை அரசு கலைத்தது. 1911-இல் தேர்வும் உரிமமும் கட்டாயமாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947-இல், ஜப்பானை நிர்வகித்த நேசநாட்டுப் படைத் தலைமையகம் இத்தொழில்களையே ஒழிக்க முனைந்தது. பார்வையற்றோர் திரண்டு எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இத்தொழில்களை முறைப்படுத்தும் சட்டம் நிறைவேறியது.

இன்று அங்கே அன்மா உரிமம் பெறுவதற்குப் பொதுவாக, உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டுகளாவது பயில வேண்டும். உடற்கூறு, உடலியக்கம், நோயியல் ஆகியவற்றோடு செய்முறைப் பயிற்சியும் உண்டு. அதன்பின் தேசியத் தேர்வில் தேற வேண்டும். எலும்பு எங்கே, நரம்பு எங்கே, எந்த நோயாளியைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் படித்தறிய வேண்டியவை அல்லவா?

பார்வையுள்ளோர் பெருமளவில் நுழைந்தால் பார்வையற்றோரின் பிழைப்பு என்னாவது? இதற்காக 1964-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. பார்வையற்றோரின் வாழ்வாதாரத்தைக் காக்கத் தேவைப்பட்டால், பார்வையுள்ளோருக்கான புதிய அன்மா பள்ளிகளுக்கு அரசு அனுமதி மறுக்கலாம். தொழில் சுதந்திரத்திற்கு இது முரணானது என்று வழக்கு தொடரப்பட்டபோது, அவ்விதி செல்லும் என்று 2022 பிப்ரவரியில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாம் அறிய வேண்டியது

நம் நாட்டில் 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அளித்துவந்த தொழிற்பயிற்சிகளில் உடம்புப்பிடியும் ஒன்று. முறையாகப் பயின்றவரின் நிலையமும், எந்தப் பயிற்சியும் இல்லாதவர் திறந்த கடையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இயங்கினால், கெட்ட பெயர் பயின்றவரையே முதலில் பாதிக்கும்.

ஆகவே, உடம்புப்பிடிக்குச் செல்பவர்கள், "எங்கே பயின்றீர்கள், எவ்வளவு காலம் பயின்றீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை. முறையாகக் கற்றவருக்கு அந்தக் கேள்வியே ஒரு மரியாதை.