சப்பாத்தி உப்புகிறது, கேழ்வரகு ரொட்டி உடைகிறது: ஏன்?

ரிஷிவந்தியத்தில் ஒரு வீட்டுச் சமையல் மேடை. மாவைக் கொட்டினால் சப்பாத்தி தள்ளும் பெட்டி ஒன்றை நாமே செய்து அதில் வைக்க முடியுமா? மோட்டாரும் சூட்டுத் தகடும் கடையில் கிடைக்கும். சிக்கல் மாவில்தான்.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. ரப்பர் போல, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பிசைந்த மாவை அரைமணி மூடி வைப்பது இந்த முறுக்குத் தளரத்தான். அவ்வளவு நேரம் பெட்டிக்கு ஏது? அதனால் உருண்டையை இரண்டு சூடான தகடுகளுக்கிடையே நசுக்க வேண்டும். மேல்தோல் சட்டென்று வெந்து இறுகிவிடும், சுருங்காது. உள்ளே சிக்கிய நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். சப்பாத்தி உப்புவது அதனால்தான். ஒரு சின்னக் கிழிசல் போதும், ஆவி வெளியேறி அப்பளம்தான்.

தண்ணீர் அளவு? மாவு இறுகினால் பிசையும் மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுக்கும். அதை அளந்து பெட்டி இன்னும் சில சொட்டு விடலாம். அம்மாவின் விரல் செய்யும் கணக்கு அது. லேசானதல்ல: சிங்கப்பூரில் பிரணோதி நாகர்கர் 2008-இல் தொடங்கிய இதே போன்ற முயற்சி, ‘ரோட்டிமேட்டிக்’ என்ற சப்பாத்தி இயந்திரமாக வீடுகளுக்குப் போனது 2016-இல்.

இதெல்லாம் கோதுமைக்கு. கல்வராயன் மலைச் சாமைக்கும் கேழ்வரகுக்கும் குளூட்டன் கிடையாது; பிடித்து வைக்க வலை இல்லாததால் ரொட்டி உடைகிறது. கொதிநீர் ஊற்றிக் கிளறினால்தான் மாச்சத்து வெந்து பசையாகும். ஆகவே நம்மூர்ப் பெட்டிக்குள் ஒரு வெந்நீர்க் கலமும் வேண்டும். தகடும் நசுக்காமல், வாழையிலையில் தட்டும் கைபோல மெல்ல இறங்க வேண்டும்.