காரையில் கிடக்கும் கடல்

பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு மாணவர்களை அழைத்துப்போனால், வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் சிப்பி பொறுக்கத்தான் ஓடுவார்கள். "அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முன்பல்லில் கடிச்சுப் பாருங்க" என்பேன். நறநறத்தால் வண்டல் கலந்திருக்கிறது. வழுவழுவென்று இருந்தால் சுத்தக் களி.

படிவுப் பாறையைப் படிக்க இதுதான் முதல் பாடம். மலை உடைந்து ஆற்றோடு வரும் துகளில் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை சேர்ந்து இறுகினால் கூழாங்கற்பாறை; 0.06 மில்லிமீட்டர் வரை மணற்கல், அதைவிடப் பொடியானது வண்டற்பாறை, 0.004 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் களிப்பாறை. அளவுக்கு ஏன் இத்தனை மரியாதை? ஓட்டம் தளரும்போது தண்ணீர் கனமானதை முதலில் போட்டுவிடும். களி மட்டும் எளிதில் அடங்காது, நீர் அசையாமல் நின்றால்தான் படியும். காரையின் களி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடிக்காத கடலடி இருந்ததைச் சொல்கிறது. மேலே சேரும் பாரம் நீரைப் பிழிந்தெடுக்க, இடுக்குகளில் ஊறும் நீரிலுள்ள சுண்ணாம்போ சிலிக்காவோ துகள்களைப் பிணைக்க, மண் கல்லாகும். காரைக் களி இன்னும் சரியாக இறுகவில்லை. அதனால்தான் ஒவ்வொரு மழையும் அதை அரித்து ஓடை ஓடையாக்குகிறது.

உயிர்களால் உண்டாகும் பாறை வேறு வகை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் உள்ளங்கை அகலச் சிப்பிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். செடிகொடி புதைந்து உண்டான நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இந்த வகைதான்.

நீரில் கரைந்தது வற்றிப் படிவது மூன்றாவது வகை. தூத்துக்குடி உப்பளத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கடல்நீர் சுண்டச் சுண்ட ஜிப்சம் படியும், பிறகுதான் உப்பு.

காரை, அரியலூர் வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக 1862இல் பிரித்தவர் புவியியலாளர் எச்.எஃப். பிளான்போர்ட். அந்த அடிப்படை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்க அடுக்குகள் இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கவேண்டும். சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் அவற்றை வெட்டியெடுக்கின்றன. சிமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீடும் சிமென்ட்டில் கட்டியதுதான். ஒவ்வொரு குவாரியிலும் ஒரு சுவரையாவது அடி முதல் நுனி வரை வெட்டாமல் விட்டுவையுங்கள் என்றுதான் பார்க்கிற சுரங்க மேலாளர்களிடமெல்லாம் கேட்டுவருகிறேன்.