தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்கு

பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் தங்கள் துறைப் பாடங்களோடு ஓர் அயல்மொழியையும் தொடக்கநிலையில் கற்கும் வாய்ப்பைப் பெறுகின்றனர். ஜொகூரில் ஸ்கூடாய் போன்ற பல்கலைக்கழக நகர்களில் பொறியியலோ கணினியியலோ பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் ஸ்பானிய மொழியைத் தெரிவு செய்வதாகக் கொள்வோம். அவர் வீட்டில் தமிழ் பேசுபவர். பள்ளியில் மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் கற்றவர். ஆயினும், முதல் வகுப்பில் நுழையும்போது, “எனக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்” என்னும் எண்ணமே அவருக்கு மேலோங்கி நிற்கும். இவ்வெண்ணம் பாதி மட்டுமே உண்மை. மூன்று மொழிகளை அறிந்தவர் நான்காவது மொழியை வெறுங்கையோடு அணுகுவதில்லை. குறிப்பாக, ஆங்கிலமும் மலாயும் கைகொடுக்காத சில இடங்களில் தமிழே அவருக்குத் துணை நிற்கிறது.

ஸ்பானிய மொழி இன்று உலகில் 450 மில்லியனுக்கும் அதிகமானோரின் தாய்மொழியாகும். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆறு அலுவல் மொழிகளுள் இதுவும் ஒன்று. ஸ்பெயின் நாட்டில் பிறந்த இம்மொழி, மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் வேரூன்றியுள்ளது. பசிபிக் வட்டார நாடுகளுக்கிடையிலான விரிவான வாணிப ஒப்பந்தம் மலேசியாவில் 29 நவம்பர் 2022 முதல் நடப்புக்கு வந்தது. அவ்வொப்பந்தத்தில் மெக்சிகோ, பெரு, சிலி ஆகிய மூன்று ஸ்பானிய மொழி நாடுகள் இடம்பெற்றுள்ளன. தஞ்சோங் பெலெப்பாஸ், பாசிர் கூடாங் ஆகிய பெரிய துறைமுகங்களைக் கொண்ட ஜொகூர் மாநிலத்து இளைஞருக்கு இச்செய்தி தொலைதூரச் செய்தியன்று. இம்மொழியை முதன்மைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற விரும்புவோருக்குக் கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலம் வழிவகுத்துள்ளது.

தொடக்கநிலை வகுப்பின் நோக்கம் எளிமையானது. வணக்கம் கூறுதல், தன்னை அறிமுகப்படுத்துதல், குடும்பத்தைப் பற்றிச் சொல்லுதல், எண், நாள், நேரம் ஆகியவற்றைக் கேட்டறிதல், கடையில் பொருள் வாங்குதல் போன்ற அன்றாடத் தேவைகளுக்கு உரிய மொழியை அது கற்பிக்கிறது. ஐரோப்பியப் பொது மொழித் தரஅளவு, மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பகுக்கிறது. தொடக்கநிலை மாணவர் ஏ1 படியை நோக்கி நடப்பவர். ஆனால், காலமோ குறைவு. ஒரு பருவத்தை 14 வாரம் எனவும் வாரத்திற்கு 3 மணி நேரம் எனவும் கொண்டாலும், வகுப்பில் கிடைப்பது 42 மணி நேரமே. இக்குறுகிய காலத்தில் புதிதாகக் கற்க வேண்டியது எது, முன்பே கையில் இருப்பது எது எனப் பிரித்தறிபவர் விரைந்து முன்னேறுவார்.

முதலில் ஒலிகளைக் காண்போம். ஸ்பானிய மொழி உரோமன் எழுத்துகளால் எழுதப்படுகிறது. அதன் ஐந்து உயிரொலிகளும் சொல்லுக்குச் சொல் மாறுவதில்லை; எழுதியவாறே படிக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பலவாறு ஒலிப்பதால் குழப்பம் ஏற்படுகிறது. மலாய்மொழியைப் படித்துப் பழகிய மாணவருக்கோ ஸ்பானிய எழுத்துக்கூட்டல் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. எனினும், சில விதிகளைப் புதிதாகக் கற்க வேண்டும். ஸ்பானியத்தில் ‘எச்’ என்னும் எழுத்து ஒலிப்பதில்லை. ‘ஜே’ என்னும் எழுத்து அழுத்தமான ஹகரமாக ஒலிக்கும். ஆகவே, உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட ‘ஜொகூர்’ என்னும் பெயரை ஸ்பானியர் ஒருவர் தம் மொழி விதிப்படி படித்தால், அது ‘ஹோஓர்’ என்றே காதில் விழும்.

மெய்யொலிகளில் தமிழின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. ‘நாளை’ என்பதற்கு ஸ்பானியச் சொல் ‘மஞானா’. ‘சிறுவன்’ என்பதற்கு ‘நீஞோ’. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இந்த ஞகரத்தைத் தனியாகப் பயில வேண்டும். தமிழரோ அதனை மெய்யெழுத்து வரிசையிலேயே கற்றவர். அடுத்து, ஸ்பானியத் தகரம் நாவின் நுனி மேற்பல்லைத் தொடப் பிறக்கிறது. அது தமிழின் ‘த’ போன்றது, ‘ட’ போன்றதன்று. தக்காளியைக் குறிக்கும் சொல் ‘தொமாத்தே’ என்பதே. ஆங்கிலப் பழக்கத்தால் ‘டொமாட்டே’ என ஒலிப்பவர், தம்மிடம் உள்ள சரியான ஒலியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுகின்றார் எனலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் வல்லின எழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையில் மென்மையாகவும் ஒலிக்கும். ‘தலை’ என்னும் சொல்லில் உள்ள தகரத்தையும் ‘அது’ என்னும் சொல்லில் உள்ள துகரத்தையும் ஒலித்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். ஸ்பானியத்தில் ‘எல்லாம்’ எனப் பொருள்படும் சொல் ‘தோதோ’. இதனைத் தமிழ்ச் சொல்லைப் படிப்பது போலவே படித்தால் போதும்; முதல் எழுத்து வன்மையாகவும் அடுத்த எழுத்து மென்மையாகவும் ஒலித்து, ஸ்பானியர் ஒலிப்பதற்கு மிக நெருங்கி வந்துவிடும்.

ரகரங்களில் மட்டும் முயற்சி தேவைப்படுகிறது. ஸ்பானியத்தில் நா ஒருமுறை தட்டும் ரகரமும், பலமுறை அதிரும் ரகரமும் உள்ளன. மெல்லிய ரகரத்தோடு ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’ என்று பொருள். அதிரும் ரகரத்தோடு ‘பெர்ரோ’ என்றால் ‘நாய்’ என்று பொருள். ‘மரம்’, ‘மறம்’ என்னும் சொற்களில் ரகர றகர வேறுபாடு பொருளையே மாற்றுவதைத் தமிழ் மாணவர் அறிவர். இன்றைய பேச்சு வழக்கில் பலர் அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஸ்பானிய வகுப்போ அதில் கவனம் செலுத்துமாறு அவர்களை மீண்டும் பணிக்கிறது.

அடுத்து, சொற்களைக் காண்போம். ஸ்பானியமும் போர்த்துகீசியமும் இலத்தீன் மொழியிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். போர்த்துகீசியர் 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றி, 1641ஆம் ஆண்டு வரை ஆண்டனர். மலாக்கா வீழ்ந்த பின்னரே அதன் அரச மரபினர் ஜொகூரில் தம் ஆட்சியை நிறுவினர். இப்போர்த்துகீசியத் தொடர்பால் பல சொற்கள் மலாய்மொழியில் கலந்தன. தமிழக, இலங்கைக் கரையோரங்கள் வழியாகத் தமிழிலும் கலந்தன. அதனால்தான், ஸ்பானியத்தில் ‘மேசா’ என்பது நமக்கு ‘மேசை’ ஆகிறது. ‘அர்மாரியோ’ என்பது ‘அலமாரி’ ஆகிறது. ‘சபாத்தோ’ என்பது ‘சப்பாத்து’ ஆகிறது. கொடியைக் குறிக்கும் ‘பந்தேரா’, பள்ளியைக் குறிக்கும் ‘எஸ்குவேலா’, ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் ‘தொமிங்கோ’ ஆகியவற்றைக் கேட்டவுடன் மலாய்மொழியின் ‘பெண்டேரா’, ‘செகோலா’, ‘மிங்கு’ ஆகிய சொற்கள் நினைவுக்கு வரும். ஆயினும், இவ்வுறவு எல்லாச் சொற்களுக்கும் பொருந்தாது. ‘சன்னல்’ போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் அதற்கு ‘வெந்தானா’ என்னும் வேறு சொல் வழங்குகிறது.

ஸ்பானிய மொழிக்கும் இவ்வட்டாரத்திற்கும் உள்ள உறவும் பழையதே. ஸ்பெயின் மன்னரின் ஆதரவோடு 1519ஆம் ஆண்டில் புறப்பட்ட மகெல்லனின் கப்பற்படையில், அவர் மலாக்காவிலிருந்து கொண்டுசென்ற என்ரிக்கே என்னும் அடிமையும் இருந்தார். 1521ஆம் ஆண்டில் அப்படை பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தபோது, என்ரிக்கே மலாய்மொழியில் பேசியே அங்குள்ள தலைவர்களோடு தொடர்பை ஏற்படுத்தினார். பின்னர் 1565 முதல் 1898 வரை ஸ்பானியர் அத்தீவுகளை ஆண்டனர். நலம் கேட்க இன்றும் பிலிப்பைன்ஸ் மக்கள் கூறும் ‘குமுஸ்தா’ என்னும் சொல், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ எனப் பொருள்படும் ‘கோமோ எஸ்தா’ என்னும் ஸ்பானியத் தொடரின் வழிவந்ததாகும்.

தமிழின் துணை இலக்கணத்தில் இன்னும் வலுவாக வெளிப்படுகிறது. ‘கோமோ’ என்றால் ‘உண்கிறேன்’. ‘கோமேஸ்’ என்றால் ‘உண்கிறாய்’. ‘கோமேமோஸ்’ என்றால் ‘உண்கிறோம்’. ‘கோமேன்’ என்றால் ‘உண்கிறார்கள்’. வினைமுற்றின் விகுதியே தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தையும், ஒருமை, பன்மை என்னும் எண்ணையும் காட்டிவிடுவதால், ‘நான்’, ‘நாம்’ என்னும் எழுவாயைச் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. தமிழில் ‘தோன்றா எழுவாய்’ எனக் கற்றது இதுவேயாகும். மலாய்மொழியில் வினைச்சொல் இவ்வாறு திரிவதில்லை. ஆங்கிலத்திலும் எழுவாயை விட்டுவிட இயலாது.

மேலும், ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதை ஸ்பானியர் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பர். இதில் ‘மே’ என்பதற்கு ‘எனக்கு’ என்பது பொருள். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் ‘மே துவேலே லா கபேசா’ என அதே அமைப்பில் வருகிறது. விரும்புபவரும் வலியை உணர்பவரும் எழுவாயாக வராமல், நான்காம் வேற்றுமைப் பொருளில் வருகின்றனர். ஆங்கிலத்தின் வழியாகச் சிந்திப்பவர் பிழை செய்யும் இவ்விடத்தை, தமிழின் வழியாகச் சிந்திப்பவர் எளிதில் கடந்துவிடுகிறார். அவ்வாறே, நெருக்கமானவரை ‘தூ’ என்றும், மதிப்பிற்குரியவரை ‘உஸ்தெத்’ என்றும் அழைக்கும் வழக்கம், ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டில் வளர்ந்தவருக்கு விளக்கமே தேவைப்படாத ஒன்றாகும்.

இதனால், ஸ்பானிய மொழி முற்றிலும் எளிதென எண்ணிவிடக் கூடாது. தமிழ், உயிரற்ற பொருள்களை அஃறிணையில் அடக்குகிறது. ஸ்பானியமோ அவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் கற்பிக்கிறது. ‘லா மேசா’ என்னும் மேசை பெண்பால். ‘எல் லீப்ரோ’ என்னும் நூல் ஆண்பால். பெயருக்கேற்பப் பெயரடையும் பாலிலும் எண்ணிலும் மாற வேண்டும். ‘நான் மாணவன்’ என்னும் தமிழ்த் தொடரில் ‘இரு’ என்னும் வினை தேவையில்லை. ஸ்பானியத்திலோ அவ்வினைக்கு இரண்டு சொற்கள் உள்ளன. ஒருவரின் இயல்பைக் கூற ஒன்று, நிலையைக் கூற மற்றொன்று. ‘எஸ் அபுர்ரிதோ’ என்றால் அவர் பிறருக்குச் சலிப்பூட்டுபவர். ‘எஸ்தா அபுர்ரிதோ’ என்றால் அவர் சலிப்படைந்திருக்கிறார். சொல்லை மாற்றிக் கூறினால், சலித்திருப்பவரைச் சலிப்பூட்டுபவராக ஆக்கிவிடுவோம்.

தெரிந்த மொழி சில வேளைகளில் ஏமாற்றவும் செய்யும். ஆங்கிலத்தில் நூலகத்தைக் குறிக்கும் சொல்லைப் போலத் தோன்றும் ‘லிப்ரெரியா’ ஸ்பானியத்தில் புத்தகக் கடையைக் குறிக்கும். வெளியேறும் வழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்த ‘எக்ஸிதோ’ என்பதன் பொருள் வெற்றி. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகுவதும் நெடுநாள் உதவாது. மண்வாரியைக் குறிக்கும் சொல்லும் துப்பாக்கிக் குண்டைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘பாலா’ என்றே அமையும். ஸ்பானியத்திலோ அவற்றின் முதலெழுத்துகள் வெவ்வேறானவை.

எனவே, மாணவர் சில பழக்கங்களைக் கடைப்பிடித்தல் நன்று. பெயர்ச்சொல்லை அதன் ‘எல்’ அல்லது ‘லா’ என்னும் முன்சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதித்தல் வேண்டும். கற்ற வினைச்சொல்லை எல்லா இடங்களிலும் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். ஸ்பானிய உரையாடல்களை நாள்தோறும் சிறிது நேரம் கேட்டு, கேட்டவாறே திரும்பக் கூறுதல் வேண்டும். தேர்வுக்கு முந்திய நாளில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நாளுக்கு இருபது நிமிடம் பயில்வதே மொழிக்கு ஏற்றது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

வேற்றுமை, விகுதி, திணை, பால் என்பன தமிழ்த் தேர்வோடு முடிந்துபோகும் பாடங்கள் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஒரு மொழி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டும் கருவிகள் அவை. பள்ளியில் அவற்றைத் தெளிவாகக் கற்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் புதிய மொழியொன்றைச் சந்திக்கும்போது, “இது எனக்கு முன்பே தெரிந்ததுதானே!” என்று பல இடங்களில் இனங்கண்டுகொள்வார். தாய்மொழியில் ஆழமாக ஊன்றிய கால், அயல்மொழியை நோக்கி எடுத்து வைக்கும் அடுத்த அடிக்கு உறுதி தருகிறது.