அழாத குழந்தையை அழ வைக்கும் நர்சுகள்! 60 வினாடியில் உயிர் காக்கும் பயிற்சி

குழந்தை பிறந்ததும் 'வீல்' என்று அழ வேண்டும். அழாவிட்டால்?

பிரசவ அறையில் இருக்கும் நர்சுக்குக் கிடைக்கும் நேரம் 60 வினாடிதான். ஒரு நிமிடம்! அதற்குள் குழந்தையை மூச்சு விட வைக்க வேண்டும். தாமதம் ஆக ஆக மூளை கெடும். அப்புறம் உயிர் பிழைத்தாலும் ஆயுள் முழுவதும் கஷ்டம்.

பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்கு மூச்சு விட யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பெரிய டாக்டர் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. நர்சு நிச்சயம் இருப்பார். அதனால்தான் நர்சுகளுக்கு இந்தப் பயிற்சி.

தலைகீழாகத் தொங்க விடாதே!

அந்தக் காலத்தில் அழாத குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்க விடுவார்கள். முதுகில் 'பட் பட்' என்று அடிப்பார்கள். பச்சைத் தண்ணீரை முகத்தில் தெளிப்பதும் உண்டு. இது எல்லாமே தப்பு!

சரியான முறை என்ன?

வெதுவெதுப்பான துணியால் குழந்தையைத் துடைக்க வேண்டும். ஈரத்துணியை உடனே எடுத்துவிட வேண்டும். தலையைச் சற்றே நிமிர்த்தி வைக்க வேண்டும். சளி அடைத்திருந்தால் முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கை முதலில் தொட்டால் குழந்தை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். வாயில் உள்ள சளி உள்ளே போய்விடும்! பிறகு முதுகை மெதுவாகத் தேய்க்க வேண்டும். அல்லது உள்ளங்காலைச் சுண்ட வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் இதற்கே அழுதுவிடும். அழாவிட்டால் அடுத்தது 'பை'.

பொம்மைக் குழந்தை

ரப்பர் பை ஒன்று. அதன் முனையில் சின்ன முகமூடி. இதைக் குழந்தையின் வாயும் மூக்கும் மூடும்படி வைத்து, பையை அமுக்கிக் காற்று கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை.

பார்க்கச் சுலபம். செய்தால்தான் தெரியும்! முகமூடி கொஞ்சம் விலகினால் காற்று வெளியே போய்விடும். ஏறி உட்கார்ந்தால் கண்ணை அழுத்தும். பலமாக அமுக்கினால் பிஞ்சு நுரையீரல் தாங்காது. நெஞ்சு மெல்ல ஏறி இறங்குகிறதா என்று கண் பார்க்க வேண்டும்.

அதனால் முதலில் பொம்மைக் குழந்தையிடம் பழகுகிறார்கள். "அமுக்கு, ரெண்டு, மூணு... அமுக்கு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே பழகுகிறார்கள். யோசிக்காமல் கை தானாக ஓடும் வரை பயிற்சி!

குளிர் என்ற எமன்

மூச்சு வந்துவிட்டால் ஆபத்து நீங்கியதா? இல்லை. அடுத்த எதிரி குளிர்.

'சென்னையில் ஏது குளிர்?' என்று கேட்கலாம். குறைமாதக் குழந்தைக்கு மின்விசிறிக் காற்றே குளிர்தான்! உடம்பு குளிர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் வலிப்பு வரலாம். மூச்சும் திணறும். ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும்.

இதைக் கண்டுபிடிக்க நர்சுகளுக்கு ஒரு சுலபமான வழி சொல்லித் தருகிறார்கள். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சூடு என்றால் கவலை இல்லை. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் எச்சரிக்கை. இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து!

மருந்து? தாயின் நெஞ்சு! குழந்தையை வெறும் உடம்போடு தாயின் மார்பில் ஒட்டிப் போட்டு மூடுவது. 'கங்காரு' முறை என்று பெயர். 1978-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில் தொடங்கியது. இன்று நம் ஊர் வார்டுகளிலும் நடக்கிறது.

பாட்டி கொடுத்த பாலாடை

குறைமாதக் குழந்தைக்குப் பாலை உறிஞ்சத் தெரியாது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ சின்னக் குழாய் விட்டுத் தாய்ப்பால் கொடுப்பார்கள். கொஞ்சம் தேறினால் பாலாடை! நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். வடநாட்டு ஆஸ்பத்திரிகளிலும் அதற்குப் 'பாலாடை' என்றே பெயர்!

பிராண வாயுவும் அளவோடுதான். குறைந்தால் உயிருக்கு ஆபத்து. கூடினால் குறைமாதக் குழந்தையின் கண் பார்வையே போகலாம். அதனால் பிராண வாயு ஏறும் குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு 90-க்கும் 95-க்கும் நடுவில் நிற்கும்படி நர்சு கவனிக்க வேண்டும். நூறு காட்டினால் சந்தோஷப்படக் கூடாது!

வழியில் நடப்பது

எழும்பூரில் இரண்டு பெரிய அரசு ஆஸ்பத்திரிகள். ஒன்று 1844-ல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி. இன்னொன்று குழந்தைகள் ஆஸ்பத்திரி. பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிறக்கின்றன. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வெளியே பிறந்த நோயாளிக் குழந்தைகள் வந்து சேருகின்றன.

ஆபத்தான குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மட்டும் போதாது. வண்டி ஏறும் முன்பே உடம்பைச் சூடாக்க வேண்டும். சர்க்கரை பார்க்க வேண்டும். மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். என்ன செய்தோம் என்று சீட்டு எழுதித் தர வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. பச்சைக் குழந்தைகளுக்குத் தனி வண்டிகளும் உண்டு. ஆனால் ஏற்றி விடும் ஆஸ்பத்திரியில் நர்சு இதையெல்லாம் செய்யாவிட்டால், எந்த வண்டியாலும் பயன் இல்லை.

பயிற்சி முடிந்ததும் மாற்றமா?

2003-ல் மேற்கு வங்காளத்தில் புருலியா மாவட்ட ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து நர்சுகளுக்கு உதவியாக வைத்தார்கள். பிறகு நாடு முழுவதும் இந்தப் பிரிவுகள் வந்தன. பிரசவ அறை நர்சுகளுக்கு 2009 முதல் 2 நாள் பயிற்சி. தனிப் பிரிவு நர்சுகளுக்கு 4 நாள் பாடம். பிறகு 2 வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் நேரடி அனுபவம்.

இவ்வளவும் கற்றவரை அந்தப் பிரிவிலிருந்து மாற்றக் கூடாது என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆட்கள் பற்றாக்குறை என்று அவரை வேறு வார்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? எந்திரம் அங்கேயே இருக்கும். ஓட்டத் தெரிந்த கை இருக்காது!

2020-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை இந்தியாவில் 20. தமிழ்நாட்டில் 9. இன்னும் குறைக்க முடியும். அதற்கு எந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. பழகிய கை வார்டில் நிற்க வேண்டும்.

வீட்டில் கவனியுங்கள்

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது, வலிப்பு, உள்ளங்கால் வரை மஞ்சள், உடம்பு சில்லிடுவது அல்லது காய்ச்சல். இதில் ஒன்று தெரிந்தாலும் 'விடியட்டும், பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்!