சந்திரன் என்றொரு கணனி மொழி

உங்கள் வீட்டில் கணனி படிக்கும் மகனோ மகளோ இருந்தால் ஜாவா, பைதன் என்னும் பெயர்கள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 'லுவா' என்ற மொழியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. ஆனால், பிள்ளைகள் விரும்பும் 'ரொப்லொக்ஸ்' விளையாட்டுகளை உருவாக்குவோர் இதிலிருந்து கிளைத்த ஒரு மொழியில்தான் எழுதுகின்றனர்.

போர்த்துக்கேய மொழியில் லுவா என்றால் சந்திரன். அலுமாரி, மேசை, சாவி என நம் வீட்டில் புழங்கும் சொற்களைத் தந்த அதே மொழிதான்.

தட்டுப்பாட்டில் பிறந்தது

லுவா பிறந்தது அமெரிக்காவில் அல்ல, பிரேஸிலில். உள்நாட்டுத் தொழிலைப் பாதுகாக்கும் நோக்கில் 1992 வரை அந்நாட்டு அரசு வெளிநாட்டுக் கணனிகளுக்கும் மென்பொருட்களுக்கும் கடும் கட்டுப்பாடு விதித்திருந்தது. நினைத்ததை வாங்க முடியாத நிலையில், தேவையானதைத் தாமே செய்து பழகினார்கள் அந்நாட்டு அறிஞர்கள்.

ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வுக்குழுவொன்று, பெற்றோபிராஸ் என்ற எண்ணெய் நிறுவனத்துக்காக இரு சிறிய மொழிகளை ஆக்கியது. அவற்றில் ஒன்றின் பெயர் 'சொல்'. அதன் பொருள் சூரியன். இரண்டும் போதாமற் போகவே, 1993 இல் ரொபேர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரேடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் புதியதொன்றைப் படைத்தனர். சூரியனை அடுத்துச் சந்திரன் வந்தது.

சிறியது, ஆனால் முழுமையானது

பயன்படுத்தப் போகிறவர்கள் பொறியியலாளர்கள். செய்நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆகவே மொழி எளிமையாக இருக்க வேண்டியிருந்தது. 2020 இல் வெளியான 5.4 ஆம் பதிப்பில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 22 மட்டுமே. பழைய பிளொப்பி டிஸ்க் ஒன்றில் வைத்தாலும் இடம் மிஞ்சும் அளவுக்கு அதன் இயக்கி சிறியது.

தரவுகளை ஒழுங்குபடுத்த இதில் உள்ள ஒரே அமைப்பு 'அட்டவணை'. வகுப்பு மாணவரின் பெயர்ப் பட்டியலும் அட்டவணைதான். ஒரு மாணவரின் பெயர், வயது, புள்ளிகள் அடங்கிய பதிவும் அட்டவணைதான். பல மொழிகள் பட்டியலைப் பூச்சியத்திலிருந்து எண்ண, லுவாவோ நம்மைப் போல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது.

புதிய அம்சம் எதையும் மூவரும் ஒருமித்து உடன்பட்டால் மட்டுமே சேர்ப்பது என்பது அவர்களின் வழக்கம். பின்னர் சேர்ப்பது எளிது. சேர்த்ததை நீக்குவதுதான் கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எழுதி வைத்த கைப்பக்குவம்

உம்மாவின் வட்டிலாப்பத்துக்கு ஈடில்லை என்போம். தேங்காய்ப்பால் எவ்வளவு, கருப்பட்டி எவ்வளவு என்று கேட்டால் "கண்ணளவுதான் மகள்" என்பார். எழுதி வைக்காததால் அந்தச் சுவை அவரோடு போய்விடுகிறது. கணனி மொழிக்கும் இதுவே கதி. எவ்வளவு சிறந்ததாயினும், விளக்கநூல் இல்லையேல் படைத்தவரோடு அது முடங்கிவிடும்.

லுவாவின் விளக்கநூல் ஒரே கையேடு. முழு இலக்கணமும் அதன் இறுதியில் ஒரு பக்க அளவில் அடங்குகிறது. முந்தைய பதிப்போடு எங்கெங்கே பொருந்தாது என்பதையும் மறைக்காமல் தனிப் பகுதியாகச் சொல்கிறார்கள். கையேடு சுருக்கமானது என்பதால், கற்போருக்காக யெருசலிம்ஸ்கி 2003 இல் தனி நூலொன்று எழுதினார். அதன் முதற் பதிப்பை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மொழியும் இலவசமே.

குறையும் உண்டு. ஒரு பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால் லுவா பெரும்பாலும் உடனே தடுக்காது. 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் 'நில்' என்ற பெறுமதியைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பிழை வேறோர் இடத்தில் தலைகாட்டும். கையேட்டைப் படித்தவர் இதை முன்பே அறிந்திருப்பார். படிக்காதவர் இரவு முழுவதும் தேடுவார்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை கணனி மொழி கற்கிறதா? எத்தனை மொழி தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்றின் கையேட்டையாவது முதலிலிருந்து கடைசிவரை படித்தாயா என்று கேளுங்கள். தான் எழுதும் செய்நிரலை அடுத்தவர் விளங்கிக்கொள்ளும்படி நான்கு வரி குறிப்பெழுதவும் பழக்குங்கள். வாங்க வழியில்லாத நாட்டில் மூவர் ஆக்கிய சிறு மொழி உலகெங்கும் பரவியதில், அவர்கள் எழுதி வைத்த அந்தக் கையேட்டுக்கும் பங்குண்டு.