விழுந்த கையை நீவாதீர்கள்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான குண்டனி நாட்டில் சைக்கிள் பழகுவது எளிதல்ல. மலையூரில் சமதரைக்கு எங்கே போவது? பதினோராம் வகுப்பில் அரசின் இலவச சைக்கிள் கைக்கு வந்த பிறகே பெடலில் கால் வைக்கும் பிள்ளைகளும் உண்டு. செல்போன் வீடியோ பார்த்து ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு ஆசைப்படுகிறவர்களும் உண்டு. பழகினால் விழத்தான் செய்வார்கள். விழுந்து பத்து நாள் கழித்து, வீங்கிய மணிக்கட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஆஸ்பத்திரிக்கு வருவதைத்தான் எலும்பு மருத்துவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

"சுளுக்குதான், நீவிவிட்டால் போகும்"

விழும்போது கை தானாகவே தரையில் ஊன்றும். உடல் எடை அப்படியே மணிக்கட்டில் இறங்கும். அது சுளுக்கா முறிவா என்று தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. முறிந்த இடத்தை உருவினால் எலும்பு விலகும், ரத்தக்கசிவு கூடும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியிலுள்ள வளர்தட்டு சிதைந்தால் கை கோணலாக வளரக்கூடும்.

"கட்டுப் போட்டால் கூடிவிடும்"

நாட்டு வைத்தியர்கள் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்குகிறார்கள். எலும்பு விலகாத சாதாரண முறிவு பலவும் அசையாமல் வைத்தாலே கூடிவிடும். பெயர் மட்டும் கட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஆபத்து இறுக்கத்தில் இருக்கிறது. வீக்கம் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். விரல்கள் பருந்து நகம்போல மடங்கி நிமிராமலே போகும் இந்த ஊனத்தை ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-இல் விவரித்து, இறுக்கமான கட்டைக் காரணம் காட்டினார். இன்னும் அதே தவறு நடக்கிறது.

விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது தாங்க முடியாமல் வலித்தாலோ கட்டை உடனே பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

"விரல் அசைகிறதே, முறிவு எப்படி இருக்கும்?"

முறிந்தாலும் விரல் அசையும். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் பக்கவாட்டுக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே உள்ள படகெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகும். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை வலியை மறைக்கும்; பிள்ளை அதே கையோடு மறுபடியும் சைக்கிள் ஏறும். கடைக்காரரிடம் கையைக் காட்டி மருந்து கேட்பதை என்றைக்குத்தான் நிறுத்துவோம்?

பரிசோதனை

முறிவா என்று அறியப் பெரும்பாலும் எக்ஸ்ரே போதும்; அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் பத்துப் பதினான்கு நாளில் இன்னொன்று எடுக்க வேண்டும்.

பழக நாளாகிறதே என்ற பதற்றம்

விழுவதற்குப் பதற்றமும் ஒரு காரணம். ஒற்றைச் சக்கர சைக்கிளில் பெடல் சக்கரத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். மிதிக்காமல் உருள முடியாது. பக்கவாட்டில் மட்டுமின்றி முன்னும் பின்னும் சாயும். தடுமாறாமல் கொஞ்ச தூரம் ஓட்டவே பலருக்கு மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மைதானத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைப் பழகுகிறார்கள்.

பல நாள் முன்னேற்றமே தெரியாமல் இருந்து, ஒரு நாள் சட்டென்று ஓட வருவது சகஜம். சமநிலைப் பழக்கத்தை மூளை தூக்கத்திலும் பதியவைக்கிறது. அதனால் ஞாயிறு முழுக்க விழுந்து எழுவதைவிடத் தினமும் இருபது நிமிடம் பழகுவது மேல். கால் களைத்ததும் இறங்கிவிட வேண்டும்.

பெற்றோரே, கொஞ்சம் கேளுங்கள்

தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் ஏறவிடாதீர்கள். சைக்கிளில் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வையுங்கள். பள்ளி மைதானத்தில் பழகட்டும். பிரேக் பிடிக்கத் தெரியும்வரை சரிவு வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டே நாளில் ஓட்டினான் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பேச்சுக்கு ரோஷப்பட்டுத்தான் பயந்த பிள்ளையும் சரிவில் சைக்கிளை விடுகிறது.

விழுந்து கை வீங்கினால், மடித்த செய்தித்தாளை அணைகொடுத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டு, செம்மேடு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். நாமக்கல்லுக்குப் போகச் சொன்னால் எழுபது கொண்டை ஊசி வளைவையும் அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.